வேகாத பருப்பும் இரண்டு டேங்கும்

சென்னையை ஒட்டிய திருநின்றவூருக்குக் குடிவந்த முதல் வாரமே என் பருப்பு வேக மறுத்துவிட்டது. குக்கர் விசிலடித்து ஓய்ந்ததும் திறந்தால், மஞ்சள் தண்ணீருக்கடியில் பருப்பு முழுசு முழுசாக முறைத்துக்கொண்டு கிடக்கும். முதலில் மளிகைக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடையை மாற்றினேன். அப்புறம் குக்கரைச் சந்தேகப்பட்டு வாஷர் மாற்றினேன். அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து கொடுத்தனுப்பிய பருப்பும் அதே கோலத்தில் கிடந்த பிறகுதான் என் பார்வை குழாயின் பக்கம் திரும்பியது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் யாராவது தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா? ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும், பிடிப்போம், அவ்வளவுதான். இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கஸ்தூரியக்காதான் தானாகச் சொன்னார்: "தண்ணிக்குக் கஷ்டமே இல்லமா. போர்ல எப்பவும் வந்துகினே இருக்கும்." வரும் என்றுதான் சொன்னார். எப்படிப்பட்டது வரும் என்று சொல்லவில்லை. அதை நான் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

சோப்பு நுரைக்கவில்லை. எவர்சில்வர் குடத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை படிந்தது. அதெல்லாம் போகட்டும். மூன்றாவது படிக்கிற என் மகள் மதிக்குத் தலைவாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வீட்டைக் காலி செய்வோம் என்று தினமும் நச்சரித்தேன். சென்னைப் பாடியில் தொழிற்சாலை வேலை முடிந்து ரயிலில் நசுங்கி வருகிற என் கணவரோ, "எங்க போனாலும் இதே போர் தண்ணிதாம்ளா, பேசாம இரி" என்று செருப்பைக் கழற்றுவார்.

நான் பேசாமல் இருக்கிற ரகம் இல்லை. துணி காயப்போடப் போன இடத்தில் மொட்டைமாடியை நோட்டம் விட்டேன். இரண்டு டேங்குகள். ஒன்று எங்களுக்கு, ஒன்று கீழே கஸ்தூரியக்காவுக்கு. ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு? மறுநாள் மோட்டார் பழுதாகிக் குழாய் நின்றபோது, சமையலுக்கென்று அக்கா தன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்குப் பருப்பு வெண்ணெயாய்க் குழைந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று கரண்டியோடு கீழே இறங்கினேன்.

"நல்ல தண்ணிய உங்க டேங்குல வச்சிக்கிட்டு எங்களுக்கு உப்புத் தண்ணியா விடுதீய?"

அக்கா ஒரு கணம் என் கரண்டியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"இன்னாமா பேசற நீ? எனக்கு மட்டும் பூமாதேவி தனியா கொழா போட்டுக் குட்த்தாளா? அது கேன் தண்ணிமா! வா, எங்க ஊட்டு பாத்ரூம வந்து பாரு."

பார்த்தேன். எங்கள் குழாயைவிட அவர் குழாயில்தான் உப்பு தடிமனாகப் பூத்திருந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சீப்பிலும் முடிக்கற்றை. ஒரே போர், இரண்டு டேங்க். குடிவருகிறவர்கள் தண்ணீரைத் தீர்த்துவிடுவார்கள் என்று அவருக்கும் ஒரு சந்தேகம், அதனால்தான் இரண்டு. "சமையலுக்குக் கேன் போட்டுக்கோ, தலைக்கும் கடைசியில ஒரு சொம்பு அதையே ஊத்து. இதக் கேக்கவா கரண்டி எத்துகினு வந்தே?" என்றார். காலி செய்கிற பேச்சு அதோடு நின்றது. மதியின் முடியும் மெல்ல நிலைத்தது.

கோடை விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் போனோம். ஆற்றில் இறங்கிச் சோப்புப் போட்ட மதி, முங்கி முங்கி எழுந்தும் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"வழுக்கிகினே கீதுமா. இந்தத் தண்ணில என்னமோ கலந்துட்டாங்க."

படித்துறையில் இருந்த பெண்கள் அவளுடைய மெட்ராஸ் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். சீ, நம்ம ஆறுடி என்று அதட்ட வாயெடுத்தேன். போர் தண்ணீருக்குப் பழகிய என் கையிலும் அந்த வழுவழுப்பு போகாமல் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லாமல் சப்பென்று இருந்தது. யாரிடமும் சொல்லாமல் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்.