ஆர்.என்.ஏ. அறையில் கண்ணாடி கழுவுகிறேன்

கழுவினாலும் திட்டு, கழுவாவிட்டாலும் திட்டு: ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை அப்படி. தங்கச் சுரங்க ஊரான நம் கோரமண்டலில் காலை ரயில் ஏறி பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் கேஸை அணைத்தேனா என்று பத்து முறை யோசிப்பவள் நான். உங்களில் பலரும் அதே பெட்டியில்தான் நிற்கிறீர்கள், தெரியும்.

அதிகச் சுத்தம்

சேர்ந்த புதிதில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. துளித்துளியாக மருந்து எடுக்கும் கருவியின் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் டிப்புகள். சீல் பிரித்து, சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்கினேன். கை படாமல் சுத்தம் செய்து சீல் வைத்து வந்தவை அவை என்று அப்புறம்தான் தெரிந்தது. நம் தோலிலும் வியர்வையிலும் ஆர்.என்.ஏ.வைத் தின்கிற சரக்கு இருக்கிறதாம். பட்டால் சோதனை பாழ். "இன்னொரு தடவை நடந்தா வேற ஆள் பார்க்கணும்" என்றார் கூடத்தை நடத்தும் மேடம். ஆராய்ச்சி மாணவி சுஷ்மா மட்டும் சிரித்தாள்: "அக்கா, நீங்க தொடாம இருந்தாலே அது சுத்தம்!"

நாலாவது ஆள்

சுஷ்மா ஆராய்வது பாக்டீரியாவை. அதற்குள் எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று சொல்லும் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. வேலை முடிந்ததும் சீட்டைக் கிழிக்க நாலு புரதங்கள் கூட்டுச் சேருமாம். ஒன்று நடுவில் வெட்டும், ஒன்று சிக்கெடுக்கும், ஒன்று நுனியிலிருந்து மெல்லும். நாலாவது, சர்க்கரை உடைக்கிற ஆள். இங்கே அதற்கு என்ன வேலை என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லையாம்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்த என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். சோறு புரையேறச் சிரித்தார்: "எங்க கேங்க்லயும் ஒருத்தன் இருந்தான். மைன்ஸ் மூடுற வரைக்கும் அவனுக்கு இன்னா வேலைன்னு யாருக்கும் தெரியல!"

கையுறை போட்ட கை

அடுத்த மாதமே சுஷ்மாவின் ஆர்.என்.ஏ. மூன்று முறை பாழானது. சோதனைப் படத்தில் பளிச்சென்று கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் தீற்றல். பாக்டீரியாவுக்குள் சீட்டு எவ்வளவு நேரத்தில் கிழிகிறது என்று அளக்கப் போனால், வெளியே எடுத்த பிறகும் ஏதோ அதைக் கிழிக்கிறது. எல்லோர் கண்ணும் என் மேல். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பயத்தில் அவள் மேசையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். கையுறை போட்ட கையால் போனைத் தடவுகிறாள், மூக்கைச் சொறிகிறாள், அதே கையால் டியூபைத் திறக்கிறாள். "கையுறை உன் கையைக் காப்பாத்துது பாப்பா, டியூபை யார் காப்பாத்துறது?" என்று கேட்டேன். முகம் சிவந்துபோனாள்.

மறுபடி செய்தபோது தொட்டதற்கெல்லாம் கையுறை மாற்றினாள். கோடுகள் கோலம் போட்டது போல வந்து நின்றன. என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மேடம் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நீங்க எங்கயும் போக வேணாம். இவ மூக்கைத் தொட்டா மட்டும் சத்தம் போடுங்க."

வீட்டில் என் பதற்றத்தைக் கண்டு சிரிக்கிறார்கள், ஆராய்ச்சிக்கூடத்திலோ அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.