எஃகு ஆறும்வரை

இயந்திரத்தின் கதவுக் கண்ணாடியில் நெற்றி முட்ட நிற்கிறார் சுலோசனா. உள்ளே லேசர் ஓய்ந்துவிட்டது. செய்து முடித்த எஃகுக் கட்டி தூளுக்குள் புதைந்தபடி ஆறிக்கொண்டிருக்கிறது. யாராவது பக்கத்தில் ஸ்டூலை இழுத்தால் போதும், திரும்பி ஒரு முறை முறைப்பார். சத்தத்துக்கும் எஃகில் விழும் விரிசலுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் அவர் நடப்பதென்னவோ பூனை நடைதான்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து வெல்டராக இருந்தவர். இரும்பு, எவர்சில்வர் எல்லாம் அவர் கைக்கு அடங்கின. அச்சுகள் செய்யும் இந்த டூல் ஸ்டீல் மட்டும் வழிக்கு வரவில்லை. ஒட்டும்போது நல்ல பிள்ளையாக ஒட்டும், ஆறும்போது 'டிக்'கென்று பிளந்துகொள்ளும். அதே எஃகைத் தூளாகப் பரப்பி, ஒளியால் உருக்கி, முடி கனத்துக்கு அடுக்கடுக்காக ஒட்டவைக்கும் இந்த இயந்திரம் ஹெப்பாள் பட்டறைக்கு வந்த அன்று அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை. "ஒண்ணு ஒட்டறதுக்கே நான் பட்ட பாடு... இது லட்சம் தடவை ஒட்டுதுங்களே" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அன்று திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

ஆனால் எஃகின் குணம் மாறுமா? பாட்டில் மூடி வார்க்கும் அச்சு ஒன்று, உள்ளே குளிர்விக்கும் தண்ணீர் ஓட வளைந்து வளைந்து போகும் பாதையோடு, இரண்டு முறை வெடித்துவிட்டது. மெல்ல ஆறட்டும் என்று, கட்டி உட்காரும் அடித்தட்டை இன்னும் சூடாக்கி மூன்றாவதாகச் செய்திருக்கிறார்கள். இதுவும் போனால் இயந்திரத்தை விற்றுவிடுவதாக முதலாளி மகேந்திரன் சொல்லிவிட்டார். சொன்னவரே காலையில் விஜயநகரிலிருந்து ஓடிவந்து, கதவைத் திறக்கச் சொல்லி நச்சரிக்கிறார்.

"சொல்பம் பொறுங்க சார். செய்யறப்ப இது வெடிக்காதுங்க, ஆறறப்பத்தான் வெடிக்கும்."

வீட்டிலும் இதே கதைதான். சூடான தோசைக்கல்லைக் குழாயடியில் காட்டினால் கணவர் கரியப்பனுக்கு அன்று அர்ச்சனை உண்டு.

சாயங்காலம் கட்டி வெளியே வருகிறது. காற்றடித்துத் தூளையெல்லாம் போக்கி, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சிவப்பு கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. மகேந்திரன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பிக்கிறார்.

சுலோசனா கையுறையைக் கழற்றுகிறார். தண்ணீர்ப் பாதையின் ஒரு முனையைத் துடைத்து, உதடு வைத்து ஊதுகிறார். எந்த ட்ரில்லும் நுழைய முடியாத வளைவுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு மூச்சு மறுமுனைக்கு வந்து சேர்கிறது. அங்கே வைத்த உள்ளங்கையை அவர் எடுக்கவில்லை, மறுபடியும் ஊதுகிறார்.