ஓரக் குறிப்பில் இருந்த பெயர்

அந்த ஆய்விதழ் அலுவலகத்தில் அவரை எல்லாரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டுரைகள் தாளில் வந்த காலத்தில், எழுதியவரின் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு மதிப்பீட்டாளருக்கு அனுப்புவார். மதிப்பீடு திரும்பி வந்ததும் அவர் பெயரையும் அடித்துவிட்டு எழுதியவருக்கு அனுப்புவார். யார் கட்டுரையை யார் பார்த்தார்கள் என்பது ஆசிரியருக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் எழுத்து தெரியக்கூடாது என்று தாளின் இரண்டு பக்கமும் அடிப்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மை போனது, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெயர்கூட வெளியே கசிந்ததில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இப்படியிருக்க, நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அந்தத் துறையில் பெரிய தலை, பேராசிரியர். மதிப்பிடச் சொல்லிக் கேட்ட இரண்டு பேரும் நேரமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இதழோ ஏற்கெனவே இரண்டு மாதம் தாமதம். மூன்றாவதாக ஒரு விரிவுரையாளருக்கு அனுப்பினார்கள். நாலாம் நாளே அந்தப் பெண் போன் செய்தாள்.

"சார், பேரை எடுத்துட்டுதான் அனுப்பியிருக்கீங்க. ஆனா ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. இது எங்க புரொபசர் எழுதினது. அவர்கிட்டதான் நான் ஆராய்ச்சி பண்ணேன். நான் இதைப் பார்க்கிறது முறையில்ல. திருப்பி அனுப்பிடறேன்."

"சரிம்மா" என்று சொல்லி, எழுந்துபோய் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. மைக்காரருக்கு அது மனப்பாடம். ஆனால் அடுத்த ஆளைத் தேடிப் பிடிக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமே! அவருக்கு நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டது.

"நீங்க பார்க்கலன்னா வேற யாரும்மா பார்ப்பாங்க? மனசுல பட்டதை எழுதுங்க."

"என் வேலை இன்னும் நிரந்தரமாகல சார். அதுக்கு அவர்தான் பரிந்துரைக் கடிதம் தரணும்."

"அட, நான் இருக்கேன்ல! என் கையைத் தாண்டி இதுவரைக்கும் ஒரு பேர் வெளிய போனதில்ல."

அவள் நம்பினாள். கட்டுரையின் ஓரத்தில் இருபத்துமூன்று குறிப்புகள் எழுதினாள். நான்கு கிணறுகளில் மூன்றாம் வருடம் எடுத்ததாகச் சொன்ன அளவுகள், இரண்டாம் வருட அளவுகளாகவே இருந்தன. புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்கூட மாறவில்லை. ஆசிரியரே கேள்வி கேட்கத் தயங்கும் பெரிய மனிதரை அந்தப் பெண், "மறுபடி அளந்தீர்களா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன்" என்று பணிவாகத்தான் கேட்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் ஓரக் குறிப்பு எழுதினால், ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவர் பெயர் தானாக வந்து உட்காரும். மைக்காரர் வழக்கம்போல எல்லாப் பெயரையும் நீக்கினார். புதுப் பிரதியாகச் சேமித்தார். பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் ஒரே பெயர், கடைசியில் ஒரு 2 மட்டும் கூடுதல். பிறகு பேராசிரியருக்கு மின்னஞ்சலில் பழையதை இணைத்து அனுப்பிவிட்டார். அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, அவசரமும் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு சாக்குகூட இல்லை. டீ குடிக்கப் போனார்.

இரண்டே நாளில் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. "கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். என் மாணவி இந்த அளவுக்கு வளர்ந்திருப்பதில் மகிழ்ச்சி."

மாணவி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? மைக்காரர் தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தார். இருபத்துமூன்று இடத்திலும் அவள் பெயர். ஆசிரியரோ, "திரும்ப வாங்கிட்டாரா? தொல்லை விட்டது" என்று அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார். மைக்காரரும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"சார், அவர் என் போனை எடுக்க மாட்டேங்கிறார். கடிதம் கிடையாதுன்னு ஆள் மூலமா சொல்லியனுப்பிட்டார். எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல. அங்கேருந்து ஏதாவது..."

"இங்கேருந்தா? சான்ஸே இல்லம்மா."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

"அப்ப அவதான்."

"யாரும்மா?"

"என் ஃபிரெண்ட் சார். காலேஜ்ல ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்தான். அவ ஒருத்திகிட்டதான் சொல்லியிருந்தேன். அவளா இப்படிப் பண்ணுவா!"

இல்லம்மா, நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். மைக்காரருக்கு ஒன்பது நாள் ஆகியும் முடியவில்லை.

"என்ன, தட்டைப் பார்த்தே வயித்தை நிரப்பிக்கிறதா உத்தேசமா?" என்று மனைவி கேட்டாள். ஒரு வாரமாகவே அவளுக்குச் சந்தேகம். அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கை தவறிப்போச்சு, கை தவறிப்போச்சு என்று நாலு தரம் சொன்னார்.

"அனுப்பினது கை தவறி. சரி. பொய் சொன்னீங்களே, அதுவும் கை தவறித்தானா?"

மறுநாள் காலை, பையைக்கூட வைக்காமல் ஆசிரியரின் அறைக்குள் போனார். ஆசிரியர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? நம்ம பேர்தான் கெடும்."

"ஒண்ணும் பண்ணாத அந்த ஃபிரெண்ட் பொண்ணு பேர் அங்க கெட்டுப்போய்க் கிடக்குது சார்."

ஆசிரியர் அவரை முறைத்தார். பிறகு, "நடந்ததை அவங்க கல்லூரிக்கு நான் எழுதறேன். அந்த விரிவுரையாளர்கிட்ட நீங்களே சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க" என்றார்.

மைக்காரர் தன் மேஜையில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஒரே மூச்சில் சொன்னார். பெயரை நீக்கியது, பழைய பிரதியை அனுப்பியது, பொய் சொன்னது, எல்லாம்.

"என்ன சார் உளர்றீங்க?" என்றாள் அவள். "அவ ஒத்துக்கிட்டாளே!"

"யாரு?"

"என் ஃபிரெண்ட். முதல்ல இல்லவே இல்லன்னா. நான் பேச்சை நிறுத்திட்டேன், மேஜையைக்கூட சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுட்டேன். நேத்து வந்து, நான்தான் எங்கேயோ சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுன்னு அழுதா. அவ ஏன் சார் அப்படிச் சொல்லணும்?"

மைக்காரர், "என்னைத் திட்டும்மா" என்றார்.

"உங்களைத் திட்டி நான் என்ன பண்ணப்போறேன்? இருங்க, அவகிட்டயே கொடுக்கறேன். நீங்களே சொல்லுங்க."

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. இந்தா, பேசு என்றாள் அவள். பிறகு இன்னொரு குரல், மெதுவாக, "யாருங்க?" என்று கேட்டது.

மைக்காரர் தன் பெயரைச் சொன்னார், இதழின் பெயரைச் சொன்னார், செய்ததைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் நடுவில் குறுக்கிடவே இல்லை.

"கேக்குதாம்மா?"

"கேக்குது சார். யார்கிட்ட சொன்னோம், யார்கிட்ட சொன்னோம்னு தினமும் யோசிச்சேன். ஒருத்தரும் ஞாபகம் வரல. அவ இவ்வளவு உறுதியா சொல்றாளே, அப்ப நான்தான் சொல்லி மறந்திருப்பேன்னு நினைச்சுட்டேன்."

"இல்லம்மா. நீங்க யார்கிட்டயும் சொல்லல. நான்தான்."

"நிஜமாவே நான் சொல்லலையா சார்?" என்று அவள் கேட்டாள்.