எரிமலைத் தீவில் ஒரு நாற்றங்கால்

எங்களுக்கு மாயவரம் பக்கம் நெல் விவசாயம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் டேவிட், போன விடுமுறையில் என்னை ஒரு சின்ன எரிமலைத் தீவுக்கு அழைத்துப் போனான். புதுக் கேமராவுடன் நல்ல இடமாகத் தேடித் தேடி என்னை நிறுத்திப் படம் எடுத்தான். கறுத்த பாறையும் சாம்பல் மண்ணும் எனக்கு அலுத்துவிட்டன.

அப்போது ஒரு சரிவின் கீழே, நாற்றங்கால் போலப் பளிச்சென்று பச்சை தெரிந்தது.

"அதுல நில்லுங்கம்மா, நம்ம ஊர் மாதிரியே இருக்கும்" என்றான்.

ஆடு மாடு இறங்காமல் இருக்க நாங்கள் கட்டுவது போல அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டி இறங்கினோம். வயலில் செருப்போடு கால் வைப்பது எங்கள் வழக்கமில்லை. அதே பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பச்சையில் மிதித்தேன். அது பாசி. அடியில் தரை தோசைக்கல்லாகச் சுட்டது.

"இன்னும் கொஞ்சம் உள்ள போங்கம்மா" என்றான், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தரை சுடுது தம்பி. நீ முதல்ல மேல ஏறு."

தடித்த பூட்ஸ் போட்டிருந்த அவனுக்கு எதுவும் தெரியவில்லை. குனிந்து கையை வைத்துப் பார்த்ததும் முகம் மாறி, என்னையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டான். பாசிக்கு அடியில் மண் மெல்லிய ஓடுதான், அதற்கும் கீழே கொதிக்கும் சேறு என்று விடுதிக்காரர் பிறகு சொன்னார். செருப்போடு இறங்கியிருந்தால் எனக்கும் சூடு தெரிந்திருக்காது, அவன் சொன்னபடி இன்னும் உள்ளே போயிருப்பேன்.

கால் கொப்புளம் ஆறிவிட்டது. டேவிட் இன்னமும் ஊர் ஊராகப் போய்ப் படம் அனுப்புகிறான். முன்பெல்லாம் முகம் இளைத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இப்போது முதலில், அவன் எதன்மேல் நிற்கிறான் என்று பார்க்கிறேன்.