இரண்டு சீட்டுக் காரில் பெண் பார்க்கப் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை, அலோர் காஜாவைத் தாண்டி ஒரு திருப்பத்தில், ரோட்டோரம் நின்ற தோட்டத்து ஜனங்கள் என்னைப் புதுப்பெண் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

சிரிக்காதீர்கள். எனக்கு நரை ஓடிவிட்டது. மூத்த மகன் மீசை வைத்துவிட்டான். இந்த வயதில் எனக்கு எதற்கு இந்தக் கைதட்டல்? எல்லாம் என் தம்பி மணியம் வாங்கிய காரால் வந்த வினை!

மணியத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் புலம்பியிருக்கிறேன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். இன்றைக்கும் காஜா பேராங்கில் என் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம். சர்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தான். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேற ஆரம்பித்ததும், இவனுக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. துரை உட்கார்ந்த நாற்காலியில் என் தம்பி! எனக்குப் பெருமைதான். ஆனால், பையன் நாற்காலியோடு நிறுத்திக்கொண்டானா?

சுதந்திரம் வந்தால் நம்மவர்கள் மலையைப் புரட்டுவார்கள் என்று மேடை மேடையாகப் பேசினார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நம்மவர்கள் என்ன புரட்டினார்கள் தெரியுமா? துரைகள் விட்டுப் போன சாமான்களைத்தான். எங்கள் தெருவில் ஒருவர் பியானோ வாங்கினார். வாசிக்கத் தெரியாது... மேலே சாமிப்படம் வைத்து விளக்கேற்றுகிறார். இன்னொருவர் கம்பளிக் கோட்டு வாங்கி, மலாக்கா வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பசாருக்கு மீன் வாங்கப் போகிறார்.

என் தம்பி, ஊருக்குத் திரும்பும் ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுத மாட்டேன். எழுதினால் எனக்கென்ன விளம்பரக் கூலியா கொடுக்கப் போகிறார்கள்?

சிவப்பு நிறம். கதவு இரண்டு, சீட்டும் இரண்டு. கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணி, அதையும் மடித்துப் பின்னால் செருகிவிட்டான். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன மலாக்காச் செட்டி; தமிழ் வராது, மலாய்தான். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீதிப் பாதி எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மகாநாடே நடந்தது. இது ஸ்போர்ட்ஸ் கார்தானா? அதுதான் கேள்வி. மணியத்தின் தபால் ஆபீஸ் சிநேகிதன் ஒரேயடியாக ஒதுக்கிவிட்டான்... பந்தயத்தில் ஓடிப் பேப்பரில் படம் வந்த ரகம்தான் அசல், இதெல்லாம் தொப்பி கழற்றிய சாதாரண கார் என்றான். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ரிப்பேர் ஆனால் சாமான் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதுவரை வண்டி ஷெட்டில் தூங்க வேண்டும், அதுதான் சீமை ஸ்போர்ட்ஸ் காருக்கு அடையாளம் என்றார். காரைப் பிடித்துக் கொடுத்த தரகர் எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

“இது ஆரம்பப் படி லா. ஸ்போர்ட்ஸ் கார்ல இதான் வாசப்படி. இதுல ஏறி உக்காந்தாதான் அடுத்த ரகத்துக்குப் போவ முடியும்.”

ஏறி உட்காருவதா! அந்த சீட்டு தரையோடு தரையாகக் கிடக்கிறது. நான் ஒரு கையால் கதவையும் மறு கையால் தம்பி தோளையும் பிடித்துக்கொண்டு, கிணற்றில் இறங்குவது போல இறங்கித்தான் உட்கார்ந்தேன்.

ஆனால், தரகர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காரில் மட்டுமா ஆரம்பப் படி? துரைத்தனத்துக்கும் ஒரு ஆரம்பப் படி உண்டு. முதலில் வாயில் பைப் வரும். அப்புறம் மத்தியானத் தூக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வரும். அதற்கும் அப்புறம், ரசத்தில் காரம் ஜாஸ்தி என்று குற்றம் சொல்ல நாக்கு வளரும். என் தம்பி கார் வாங்கிய மறுநாளே ரசத்தைக் குறை சொன்னான். வெறும் சோற்றைப் போட்டுவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

இருக்கட்டும், பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மகத் திருவிழாவில் மணியம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். தம்பின் என்ற ஊரில் டீச்சர் வேலை. பெயர் சாரதா. விசாரித்தேன், நல்ல குடும்பம், நிறைந்த குடும்பம், ஒரே வீட்டில் எட்டுப் பேர். இந்தப் பெண் இல்லையென்றால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சும்மா சொல்லவில்லை. சொன்ன பிறகு சரியாகச் சாப்பிடவுமில்லை. வளர்த்தவளுக்குப் பொறுக்குமா? பெண்ணின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், படு கண்டிப்பு. அதற்கு முன் வந்த வரன் ஒருவனை, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தான் என்பதற்காகவே காப்பியோடு அனுப்பிவிட்டாராம். நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோட்டை விட்டால் விட்டதுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு இந்த அரைக் காரிலா போவது? பஸ்ஸில் போவோம் என்று மன்றாடினேன். இந்தக் காரைப் பார்த்தால்தான் அவர்கள் மதிப்பார்கள் என்று மணியம் ஒற்றைக்காலில் நின்றான்.

பெண் பார்க்க மூன்று பேராகப் போகக் கூடாது, அது உங்களுக்கும் தெரியும். எனவே நான்கு பேர். என் வீட்டுக்காரரும் சித்தியும் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். தட்டுகளோடு நான் காரில்.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் நல்ல காரியத்துக்குப் போகலாமா? போகிற வழியில் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் நிறுத்தினோம். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, கடைசியில் குருக்கள் பிள்ளையார் கழுத்திலிருந்த மாலையையே கழற்றிக் கொடுத்தார். கைப்பிடி கனத்தில் ரோஜா மாலை. அதைக் காரின் மூஞ்சியில் குறுக்கே கட்டச் சொன்னேன். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாது என்று தம்பி முனகினான்.

“பிள்ளையார் மாலைடா. அது காத்த மறைக்குமா? பேசாம ஓட்டு,” என்றேன்.

அலோர் காஜா வரைக்கும் பிள்ளையார் துணை இருந்தார். அதற்கப்புறம் காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. அப்புறம் குபுகுபுவென்று ஆவி. மணியம் வண்டியை ஓரம் கட்டினான். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். பக்கத்து ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து, இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஊற்றி, மாலையை அவிழ்த்தான்.

அவிழ்த்த மாலையை எங்கே வைப்பது? சாமி மாலை, தரையில் போட முடியாது. என் மடி முழுக்கத் தட்டுகள். காலடியில் கால் வைக்கவே இடமில்லை. பின்னால் சீட்டே கிடையாது... சொன்னேனே, மீதிப் பாதி இன்னும் வரவில்லை!

“கழுத்துல போட்டுக்க,” என்றேன். வேறு வழியில்லை, போட்டுக்கொண்டான்.

இப்போது நீங்களே மனக்கண்ணில் பாருங்கள். திறந்த சிவப்புக் கார், கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனமுமாக ஓர் ஆண்பிள்ளை, பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி, மடியில் தாம்பூலத் தட்டோடு ஒரு பொம்பிளை. தோட்டத்து ஜனங்கள் கை தட்டாமல் என்ன செய்வார்கள்? ஒரு கிழவர் எங்களை நோக்கிக் கை உயர்த்தி ஆசீர்வாதமே பண்ணினார். எனக்கு மானம் போயிற்று. மணியம் காது சிவக்க ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

தம்பினில் பெண் வீட்டு வாசலில் அந்த ரயில்வே மனிதர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் தின்பண்டத் தட்டோடு என் வீட்டுக்காரர். மாலையோடு இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்தார் பெரியவர். பட்டுச்சேலையோடு எழுந்திருக்கத் திண்டாடிய என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“இந்தம்மா யாரு?” என்றார்.

“என் சம்சாரங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

பெரியவர் இன்னும் குழம்பிப் போனார். நான் ரேடியேட்டரில் ஆரம்பித்துப் பிள்ளையார் வரை மூச்சு விடாமல் விளக்கிச் சொன்ன பிறகுதான் உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டாரே தவிர, சிரிக்கவில்லை.

உட்கார்ந்ததும் காரைப் பற்றித்தான் விசாரணை. ரேஸ் வண்டியா என்று கேட்டார். எங்கள் வீட்டு வாசலில் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாக நின்றவன், இங்கே என்ன சொன்னான் தெரியுமா? சாதாரண வண்டிதானாம். கூரை மட்டும்தான் துணியாம். மெதுவாகத்தான் ஓடுமாம். சிநேகிதனிடம் ஸ்போர்ட்ஸ் கார், வருங்கால மாமனாரிடம் மாட்டு வண்டி! அந்த ஆரம்பப் படி எங்கே இருக்கிறது என்பது, கேட்கிற ஆளைப் பொறுத்தது போலும்.

பெரியவர் மசியவில்லை. மணியத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“ரெண்டு பேரு உக்கார்ற வண்டிய வாங்கிருக்கீங்க தம்பி. குடும்பம்னு ஒண்ணு வந்தா, அது எங்க உக்காரும்?”

நான் அதையேதானே ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன்! போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தம்பியின் கை, மாலையிலிருந்து ஒவ்வொரு ரோஜா இதழாகக் கிள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

காப்பி கொண்டு வந்த பெண், தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். வாசலில் நின்ற காரை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் பேசினாள்.

“நம்ம வீட்ல எட்டுப் பேருப்பா. கார்னாலும் பஸ்ஸுன்னாலும் எனக்கு யாராச்சும் மடிதான். ஜன்னலோர சீட்டு ஒரு நாளும் கெடச்சதில்ல. எனக்கு அந்த வண்டி போதும்.”

பெரியவர் மகளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு முதன்முதலாகச் சிரித்தார். ஆனால், ரயில்வேக்காரர் அல்லவா... எல்லாருக்கும் சீட்டு உண்டா என்று பார்க்காமல் வண்டியைக் கிளப்புவாரா? என் பக்கம் திரும்பினார்.

“என் மவ அதுல உக்காந்தா, நீங்க எங்கம்மா உக்காருவீங்க?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான். தூக்கி வளர்த்த பிள்ளை. நான் ஒரு வார்த்தை இழுத்துச் சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“நான் பஸ்ல வந்துர்றேங்க,” என்றேன்.

தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். புறப்படும்போது மணியம் ஓடி வந்து எனக்காகக் கார் கதவைத் திறந்து பிடித்தான். வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரோடும் சித்தியோடும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பழகிக்கொள்ள வேண்டாமா?