சித்ரா வாங்கிக் கொடுத்தது

சித்ராவுக்கு சிகரெட் வாடையே ஆகாது. கல்யாணமான புதிதில் சரவணகுமார் பக்கத்தில் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் வீடுகளுக்குத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவன். காரைக்குடியைச் சுற்றி எங்கே வீடு எழும்பினாலும் அவனைத் தேடி வருவார்கள். கற்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கும் நிற்காமல் மூன்றாம் மாடி ஏறுவான். அந்த மனிதனிடம் அவள் கண்ட ஒரே குறை சிகரெட்தான்.

அவள் உண்டாகியிருந்தபோது, அவனோடு வேலை பார்க்கும் விக்கி ஒரு வழி சொன்னான்.

"வேப்னு ஒண்ணு இருக்கு மதினி, சார்ஜ் போட்டு இழுக்குற சிகரெட்டு. புகையே கெடையாது, வெறும் ஆவிதான். மாம்பழ வாசம் அடிக்கும்."

அதை விற்கத் தடை இருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் விக்கியிடம் சொல்லி வரவழைத்து, பிறந்தநாளுக்குக் கணவன் கையில் கொடுத்தாள். சிகரெட் நின்றது. "அவுக விட்டுட்டாக" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

சிகரெட்டுக்காவது வாசல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இதற்கு அதுவும் வேண்டியதில்லை. கல் பதிக்கும்போது, குளிக்கும்போது, படுக்கையில் என்று எந்நேரமும் அவன் வாயில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து இருமல் வந்தது. பிறகு காய்ச்சல், வாந்தி. சளிக்கு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. காசநோய்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஒரு காலையில் கட்டிலை விட்டு எழ முடியாமல் உதடு நீலம் பாய்ந்து கிடந்தவனை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

"சிகரெட் பழக்கம் உண்டா?" டாக்டரம்மா கேட்டார்.

"விட்டுட்டாகம்மா. ரெண்டு வருசமாச்சு."

பொய்யில்லை. ஆனால் மற்றதைச் சொல்ல நாக்கு எழவில்லை. போலீஸ் வந்துவிடும் என்று பயந்தாள். வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டுவிடுவார்களோ என்று அதைவிடப் பயந்தாள். மூன்றாம் நாள், தொண்டையில் குழாய் போட வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோதுதான் சொன்னாள்.

டாக்டரம்மா அவளையே பார்த்தார். "இதை மொத நாளே சொல்லியிருக்கணும்மா."

உயிர் தப்பியது. ஆனால் அந்த ஆவியால் வெந்த நுரையீரல் பழையபடி ஆகாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலோரம் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. ஓடி வரும் மகனை அவனால் தூக்க முடியவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவுவான். சித்ரா ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள்.

ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்: "நாந்தான வாங்கிக் குடுத்தேன்."

"நீ என்ன..." மூச்சு வாங்கினான். "தெரிஞ்சா... குடுத்த?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

போன வாரம் விக்கி பார்க்க வந்தான். சட்டைப் பையில் அந்தக் கருவி துருத்திக்கொண்டிருந்தது. சித்ரா அவனை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"இவுகளப் பாத்துமா விக்கி? அதத் தூக்கி எறிஞ்சிருய்யா."

"அண்ணே குடிச்சதுல ஏதோ கலந்துட்டாங்ஙெ மதினி. நான் வாங்குறது வேற கம்பெனி."

அவன் வண்டி தெரு திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தாள். சரவணகுமார் கையசைத்துக் கூப்பிட்டான். குனிந்து காது கொடுத்தாள்.

"அவன்கிட்ட... இருக்குல்ல? ஒரு இழுப்பு... கேட்டு வாங்கி..."

சித்ரா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.