மூன்று முறை பொங்க வேண்டும்

கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் பால் பாக்கெட்டை வெட்டும்போது, மகள் அதன் மேல் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பாஸ்டரைஸ்டுன்னா என்னம்மா?"

எனக்கு அப்பாவின் சட்டை வாசனை வந்தது. புளித்த பாலும் இயந்திரம் கழுவும் சோடாவும் கலந்த வாசனை. அம்பத்தூர் பக்கம் ஒரு பால் பண்ணையில், பாலைச் சூடாக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

"அது ஒரு விஞ்ஞானியோட பேருலேருந்து வந்தது. சூடு காட்டுனா கிருமி செத்துடும்னு கண்டுபுடிச்சவரு. அவரு வேலையத்தான் நான் செய்றேன்" என்பார். அந்தப் பெயரை ஏதோ என் சித்தப்பா பெயர் போலப் பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் வீட்டில் பால் மூன்று முறை பொங்கினால்தான் அப்பா தொடுவார். மண்ணெண்ணெய் தீர்ந்துகொண்டிருந்த ஒரு மாலை, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அங்கியே சூடு பண்ணித்தானே அனுப்புறீங்க? அப்பால நான் வேற இன்னாத்துக்குக் காச்சணும்?"

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

"அந்த மன்சன் சொன்னதுல தப்பே இல்ல. ஆனா மீட்டர பாத்துக்கினு நிக்கிறது நானு. ரெண்டு ஷிப்ட் ஒண்ணா பாத்துட்டு வரேன், கண்ணு சொருவிச்சு. நீ காச்சு."

மகளுக்கு அந்தப் பெயரின் கதையைச் சொல்லி முடிக்கையில் பால் மூன்றாம் முறை பொங்கியது. நானும் இன்று தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். கண் சொருகச் சொருக நான் 'ஓகே' முத்திரை குத்தி அனுப்பிய பைக் பிரேக்குகளை யார் மறுபடி காய்ச்சுவார்கள்?